பச்சைச் சூரியன்: கிரகடோவா வெடித்த பிறகு மதராஸ் வானத்தில் நடந்தது

1883 செப்டம்பர் இரண்டாவது வாரம். மதராஸிலும் இலங்கையிலும் காலையில் கிழக்கே பார்த்தவர்களுக்குச் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. விளிம்பில் ஒரு கீற்று மட்டும் அல்ல, முழு வட்டமுமே பச்சை. மேலே ஏற ஏற அது நீலத்துக்கு மாறியது. மாலையில் இறங்கும்போது அதே மாற்றங்கள் தலைகீழ் வரிசையில் நடந்தன. இலங்கையிலிருந்து போன ஒரு விவரிப்பு, நடுப்பகலில்கூட வெயில் நிலா வெளிச்சம்போல வெளிறிக் கிடந்தது என்கிறது. நிலாவிலும் அந்தச் சாயம் ஏறியிருந்தது. 9ஆம் தேதியை ஒட்டித் தொடங்கிய இந்தக் காட்சி சில நாட்கள் நீடித்து மறைந்தது. பிறகு 22ஆம் தேதியை ஒட்டி மறுபடி வந்தது.

இரண்டு வருகைகளுக்கும் இடையில் ஏறத்தாழ 13 நாள். இந்த வழக்கின் முடிச்சு அந்த 13 நாளில்தான் இருக்கிறது.

அப்போது மதராஸில் வானத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் அரசு வானியலாளராக இருந்தவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் நாம் பயன்படுத்தும் அளவுமுறையை 1856இல் முன்வைத்தவர் அவர்தான். கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தவர் சார்லஸ் மிச்சி ஸ்மித். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நிறுவியவர். ஊரெல்லாம் பச்சைச் சூரியனை வேடிக்கை பார்த்த நாட்களில் இவர் நிறமாலைமானியை எடுத்து அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். என் கணக்கில் இந்த விவகாரம் முழுவதிலும் மிக மதிப்புள்ள செயல்களில் அது ஒன்று. சூரியன் பச்சையாகத் தெரிந்தது என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் அது வெறும் செய்தி. எந்த நிறம் குறைந்ததால் பச்சையாகத் தெரிந்தது என்று பார்த்தால்தான் அது ஆய்வு.

அவர் கண்டது இரண்டு. ஒன்று, நிறமாலையின் சிவப்பு முனை பெருமளவு மங்கியிருந்தது. இரண்டு, காற்றில் உள்ள நீராவியால் உண்டாகும் கருங்கோடுகள் வழக்கத்தைவிட அழுத்தமாக இருந்தன. சிவப்பு குறைந்தது என்ற முதல் விஷயம் விடையின் பாதி. ஆனால் அப்போது கண்ணை இழுத்தது இரண்டாவதுதான். காற்றில் அளவுக்கு மீறிய ஈரம் இருக்கிறது, அதுதான் நிறத்துக்குக் காரணம் என்று நினைக்க அது இடம் கொடுத்தது. வங்கக் கடலோரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதத்தில், ஈரம் என்பது சந்தேகிக்கத் தோதான ஆள்தான். ஆனால் ஈரம் ஆண்டுதோறும் வருகிறது, பச்சைச் சூரியன் வருவதில்லை.

வெடிப்பு

ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே சுந்தா நீரிணையில் இருந்த கிரகடோவா எரிமலைத் தீவு 1883 மே 20 முதலே புகைந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 26 பிற்பகலில் உக்கிரம் கூடியது. 27ஆம் தேதி காலை 10 மணியளவில் நடந்த வெடிப்பு, தீவின் மூன்றில் இரண்டு பங்கைக் கடலுக்குள் அனுப்பியது. ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் ரோட்ரிக்ஸ் தீவில், பீரங்கி வெடிப்பதுபோலச் சத்தம் கேட்டதாகக் காவல் அதிகாரி பதிவு செய்தார். காற்றழுத்த அலை உலகைப் பலமுறை சுற்றியதை நாடு நாடாகக் காற்றழுத்தமானிகள் வரைந்து வைத்தன. 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலோர் சுனாமியால். வானத்து நிறங்களைப் பற்றி எழுதும்போது இந்த எண்ணை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் அதை எழுதாமல் விடுவது அதைவிடத் தவறு.

கடலடித் தந்திக் கம்பிகள் அப்போதே ஆசியாவை ஐரோப்பாவோடு இணைத்திருந்தன. ஆகவே வெடிப்புச் செய்தி உலகத்துக்கு உடனுக்குடன் போய்விட்டது. மதராஸுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் பச்சைச் சூரியனை அதோடு சேர்த்துப் பார்க்கப் பலர் தயங்கினார்கள். அதற்கு நியாயமும் உண்டு. கிரகடோவாவிலிருந்து மதராஸ் சுமார் 3,500 கிலோமீட்டர். சாம்பல் நேராக வந்திருந்தால் செப்டம்பர் தொடக்கத்திலேயே வந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து ஏன் வரவேண்டும்?

சுற்றி வந்த மேகம்

லண்டன் ராயல் சொசைட்டி 1884 தொடக்கத்தில் இதற்கென ஒரு குழு அமைத்தது. ஜி. ஜே. சைமன்ஸ் அதன் தலைவர். மழை அளவுகளைத் தொகுப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் என்பதால், சிதறிக் கிடக்கும் குறிப்புகளைச் சேர்க்க அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார். கண்டவர்கள் எழுதி அனுப்புங்கள் என்று பத்திரிகையில் வேண்டுகோள் போனது. கப்பல் தலைவர்கள், ஆசிரியர்கள், பாதிரியார்கள், தோட்டத் துரைமார்கள் என எல்லாத் தரப்பிலிருந்தும் கடிதங்கள் வந்தன. 1888இல் வெளியான அறிக்கை கிட்டத்தட்ட 500 பக்கம். அதில் மிகப் பெரிய பகுதி வெடிப்பைப் பற்றியது அல்ல. ரோலோ ரஸ்ஸல், டக்ளஸ் ஆர்ச்சிபால்டு இருவரும் தொகுத்த வானத்து ஒளிக்காட்சிகள்தான் அந்தப் பகுதி.

கடிதங்களில் இருந்த தேதிகளை வரிசைப்படுத்தியதும் ஒரு பாதை தெரிந்தது. ஆகஸ்ட் கடைசி நாட்களில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி. செப்டம்பர் 1ஐ ஒட்டி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை. 2ஆம் தேதி டிரினிடாடில் நீலச் சூரியன். 5ஆம் தேதி பசிபிக் நடுவே ஹவாய். அப்புறம் 9ஆம் தேதியை ஒட்டி இலங்கையும் தென்னிந்தியாவும்.

அதாவது, மதராஸுக்கு வந்த மேகம் பக்கத்திலிருந்து வரவில்லை. கிரகடோவாவில் கிளம்பி மேற்கே ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், தென் அமெரிக்கா, பசிபிக் எல்லாம் தாண்டி, உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வந்தது. முதல் சுற்றில் அது நிலநடுக்கோட்டை ஒட்டிக் குறுகலான பட்டையாக ஓடியது. அப்போது 13 டிகிரி வடக்கில் இருக்கும் மதராஸ் அதன் பாதையில் இல்லை. இரண்டாவது சுற்றில் பட்டை அகலமாகிவிட்டது, மதராஸ் உள்ளே வந்துவிட்டது. 22ஆம் தேதியை ஒட்டி மறுபடி பச்சை தெரிந்தது என்றால் அது அடுத்த சுற்று. 40,000 கிலோமீட்டர் சுற்றளவை 13 நாளில் வகுத்தால் நாளொன்றுக்கு 3,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல், மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர்.

இதன் அருமையைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1883இல் விமானம் இல்லை. கருவியோடு அந்த உயரத்துக்குப் போன பலூன் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே பல மைல் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு கொண்டல் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று யாருக்கும் தெரியாது. கண்ணால் பார்த்து, தேதி போட்டு எழுதியவர்களின் கடிதங்களிலிருந்து மட்டும் அந்தக் காற்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு ‘கிரகடோவா கீழைக்காற்று’ என்றே பெயர் வந்தது. பிறகு 1908இல் ஆப்பிரிக்காவில் பலூன் விட்டபோது அதே வட்டாரத்தில் எதிர்த்திசைக் காற்று தட்டுப்பட்டது, குழப்பம் வந்தது. இரண்டும் உண்மைதான், ஏறத்தாழ 28 மாதச் சுழற்சியில் அந்தக் காற்று திசை மாறிக்கொண்டே இருக்கிறது என்பது தெளிவாக 1960கள் ஆயின. மதராஸின் பச்சைச் சூரியன் அந்தச் சுழற்சியின் கீழைக்காற்றுப் பருவத்துக்குச் சாட்சி.

ஏன் பச்சை?

சாதாரணக் காற்று மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகமிகச் சிறியவை. அவை நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் சிதறடிக்கும். அதனால்தான் வானம் நீலம், அடிவானத்துச் சூரியன் சிவப்பு. துகள்கள் பெரிதாகி, பல அளவுகளில் கலந்திருந்தால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். அப்போது வானம் வெளிறும், சூரியன் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மங்கும். தெருப்புழுதியில் நாம் பார்ப்பது இது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய இடம் இருக்கிறது. துகளின் குறுக்களவு ஏறத்தாழ 1 மைக்ரானாக, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்து, எல்லாத் துகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தால், வழக்கம் தலைகீழாகிவிடும். சிவப்பு அதிகமாகச் சிதறும், நீலம் தப்பித்து நேராக வரும். சூரியனைப் பார்ப்பவருக்குச் சிவப்பு இல்லாத ஒளி வந்து சேர்கிறது. மிச்சி ஸ்மித்தின் கருவியில் மங்கியிருந்த சிவப்பு முனை இதுதான்.

அப்படியானால் காலையில் பச்சை, உச்சியில் நீலம் என்று ஏன் மாறியது? சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி சாதாரணக் காற்றுக்குள் நீண்ட தூரம் சாய்வாக வருகிறது. வழியில் காற்று தன் பங்குக்கு நீலத்தைக் கழித்துவிடுகிறது. மேலே துகள் படலம் சிவப்பைக் கழித்தாயிற்று, கீழே காற்று நீலத்தைக் கழித்தாயிற்று, நடுவில் மிஞ்சியது பச்சை. சூரியன் உயர்ந்ததும் காற்றின் கழிவு குறைகிறது, நீலம் தெரிகிறது. இலங்கைக்காரர் எழுதிய பச்சை, நீலம், மறுபடி பச்சை என்ற வரிசை இந்த விளக்கத்தோடு அப்படியே பொருந்துகிறது. அவருக்கு இந்த விளக்கம் தெரியாது. கண்டதைக் கண்டபடி எழுதினார், அதனால்தான் அது இன்றைக்கும் உதவுகிறது.

துகள்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்ததில் பயணத்துக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். முறத்தில் புடைத்ததுபோலப் பெரிய துகள்கள் முதலில் விழுந்துவிடும். இரண்டு வாரம் கழித்து மிச்சம் இருப்பவை பொடியானவை மட்டும்.

நீராவிக் கோட்பாட்டிலும் ஒரு துளி உண்மை இருந்தது. வானியலாளர் நார்மன் லாக்யர், விண்டர்மியர் ஏரியில் ஒரு சிறு நீராவிப் படகு விட்ட ஆவியின் ஊடே சூரியன் பச்சையாகத் தெரிந்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார். ஆவி என்றால் கண்ணுக்குத் தெரியாத வாயு அல்ல, அது குளிர்ந்து உண்டான நுண்துளிகள். ஒரே அளவுத் துளிகளாக இருந்தால் தண்ணீரும் இந்த வேலையைச் செய்யும். ஹாம்பர்க்கில் ஆசிரியராக இருந்த யோகான் கீஸ்லிங் கண்ணாடிக் கலத்துக்குள் செயற்கை மூடுபனி உண்டாக்கி, அதன் வழியே ஒளியைச் செலுத்தி, இந்த நிறங்களை ஆய்வுக்கூடத்திலேயே வரவழைத்துக் காட்டினார். எந்தப் பொருள் என்பதைவிட எந்த அளவு என்பதே நிறத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டியதால் இதற்கு மதிப்பு அதிகம். ஒரு தனித் துகள் ஒளியை எப்படிச் சிதறடிக்கும் என்ற முழுக் கணக்கை குஸ்டாவ் மீ 1908இல்தான் போட்டார்.

தீ என்று நினைத்த அந்தி

அக்டோபர், நவம்பரில் படலம் இரு அரைக்கோளங்களிலும் பரவி மெலிந்தது. பச்சைச் சூரியன் போய், அந்திச் செக்கர் வந்தது. நவம்பர் கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் போகீப்ஸியிலும் கனெக்டிகட்டின் நியூ ஹேவனிலும், மேற்கே ஊர் பற்றி எரிகிறது என்று தீயணைப்பு வண்டிகளை அனுப்பினார்கள். லண்டன் செல்சியில் தேம்ஸ் கரையில் உட்கார்ந்து வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் வண்ணக்கோலால் அந்தியை வரைந்து தள்ளினார். 500க்கும் மேற்பட்ட படங்கள். நிமிடத்துக்கு நிமிடம் நிறம் மாறுவதால் ஒரே மாலையில் அடுத்தடுத்து வரைந்திருக்கிறார். அறிக்கையின் முகப்பில் இருப்பவை அவருடைய படங்கள்தான். வண்ணப் புகைப்படம் புழக்கத்துக்கு வராத காலத்தில் இவைதான் நிற ஆவணம். இங்கிலாந்தின் ஸ்டோனிஹர்ஸ்டில் ஆசிரியராக இருந்த ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் நுணுக்கமான ஒன்றைக் கவனித்தார். வழக்கமான அந்தியின் சிவப்பில் ஒரு பளபளப்பு இருக்கும், இந்தச் சிவப்பில் அது இல்லை, வீங்கிச் சிவந்த சதைபோல மங்கலாக இருக்கிறது என்றார். ஒளி மேக விளிம்புகளில் பட்டுத் தெறிக்கவில்லை, உருவமே இல்லாத ஒரு படலத்திலிருந்து பரவலாக வருகிறது. அவருடைய கண் பிடித்தது அந்த வேறுபாட்டைத்தான்.

இந்த அந்தி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை வைத்துப் படலத்தின் உயரத்தைக் கணக்கிடலாம். முறை எளிது. சூரியன் நமக்கு மறைந்த பின்னும் உயரத்தில் இருக்கும் படலத்துக்கு அது மறைவதில்லை. பூமியின் விளிம்பை உரசிக்கொண்டு போகும் கதிர் படலத்தைத் தொடுகிறது, நாம் அந்தத் தொடுபுள்ளியை மேற்கு அடிவானத்தில் பார்க்கிறோம். 10 கிலோமீட்டர் உயரத்து மேகம் என்றால், சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 6.5 டிகிரி போனதும் அதன் வெளிச்சம் அணைந்துவிடும். 24 கிலோமீட்டர் உயரத்துப் படலம் என்றால் 10 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். நம் ஊர்ப்பக்கம் செப்டம்பரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். ஆகவே மேகச் சிவப்பு 26 நிமிடத்தில் முடியும், எரிமலைச் சிவப்பு 40 நிமிடம் நிற்கும். லண்டன் போன்ற வட ஊர்களில் சூரியன் சாய்வாக இறங்குவதால் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். கடிகாரமும் பொறுமையும் இருந்த யாரும் இதை அளந்திருக்க முடியும், பலர் அளந்தார்கள். தொடக்கத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் இருந்த படலம் சில மாதங்களில் 20க்குக் கீழே இறங்கிவிட்டது என்பது அந்த அளவீடுகளிலிருந்து குழு எடுத்த முடிவு.

பிஷப் வளையம்

செப்டம்பர் 5ஆம் தேதி ஹோனலூலுவில் சூரியனைச் சுற்றி ஒரு வளையத்தைக் கண்டு எழுதியவர் செரீனோ பிஷப் என்ற பாதிரியார். அவர் பெயராலேயே அது பிஷப் வளையம் ஆனது. சூரியனை ஒட்டி நீலம் கலந்த வெண்மையான வட்டு, அதன் வெளி ஓரத்தில் செம்பழுப்பு. கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏறத்தாழ 20 டிகிரி. சூரியனிலிருந்து வளையத்தின் வெளி ஓரம் ஏறக்குறைய அவ்வளவு தள்ளி இருக்கும். சூரியனை ஒரு கட்டட மூலையால் மறைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும், வெறும் கண்ணால் நேராகப் பார்க்கக் கூடாது.

பனித்துகள்களால் உண்டாகும் சூரிய ஒளிவட்டமும் 22 டிகிரியில்தான் வரும், ஆகவே குழப்பம் எளிது. பிரித்தறிய ஒரு வழி உண்டு: பனி ஒளிவட்டத்தில் சிவப்பு உள்பக்கம், பிஷப் வளையத்தில் சிவப்பு வெளிப்பக்கம். முன்னது பனிப்படிகத்துக்குள் ஒளி விலகுவதால் வருவது, பின்னது துகளின் ஓரத்தில் ஒளி வளைவதால் வருவது. ஒளி வளைவதில் துகள் சிறிதாகச் சிறிதாக வளையம் பெரிதாகும். நிலாவைச் சுற்றி மெல்லிய மேகத்தில் தெரியும் சிறு வளையம் சில டிகிரிதான், காரணம் மேகத்துளிகள் 10, 20 மைக்ரான். 20 டிகிரி வளையம் வேண்டுமென்றால் துகளின் குறுக்களவு 2 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். வானத்தில் ஒரு கோணத்தை அளந்து, எட்டாத உயரத்தில் மிதக்கும் தூசியின் பருமனைச் சொல்லிவிட முடிகிறது. பிஷப் வளையம் 1886 வரை தெரிந்தது.

இன்னொரு காட்சி இரவில் வந்தது. 1884 அக்டோபர் 4 முழுச் சந்திர கிரகணத்தில் நிலா வழக்கமான செம்பு நிறத்தைக் காட்டாமல் கிட்டத்தட்டக் காணாமலே போனது. கிரகண நிலாவுக்குக் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சமும் பூமியின் காற்று மண்டலத்தின் வழியே வளைந்து போவதுதான். அந்த வழியில் படலம் நின்றது. 1963 டிசம்பரில் பாலித் தீவின் அகுங் எரிமலைக்குப் பின்னும், 1992 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோவுக்குப் பின்னும் கிரகணங்கள் இதேபோல இருண்டன.

குழு தவறவிட்டது

அறிக்கையின் பெரிய குறை, மேலே நின்றது பெரும்பாலும் நொறுங்கிய எரிமலைக் கண்ணாடித் தூள் என்று நம்பியது. தூள் இருந்தது உண்மை. ஆனால் அது சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இறங்கிவிடும். மூன்று வருடம் வானத்தை நிறம் மாற்றி வைத்திருக்க அதனால் முடியாது. அந்த வேலையைச் செய்தது கந்தக டை ஆக்சைடு. மேகங்களுக்கும் மழைக்கும் மேலே உள்ள காற்றடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியரில் அது நீராவியோடு சேர்ந்து கந்தக அமில நுண்துளிகளாக மாறுகிறது. அந்த உயரத்தில் மழை கிடையாது, கழுவிவிட ஆள் இல்லை. கிறிஸ்டியன் யுங்கே பலூன்களை அனுப்பி இந்தக் கந்தகப் படலத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டது 1961இல்.

அதன்பின் 1991 ஜூன் 15இல் பினாட்டுபோ வெடித்தபோது செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும் அளந்தன: 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடு, மூன்று வாரத்தில் உலகைச் சுற்றிய மேகம், சுமார் அரை டிகிரி குறைந்த உலக வெப்பநிலை, கூடவே ஊதா அந்தியும் பிஷப் வளையமும். 2022 ஜனவரியில் டோங்காவின் ஹூங்கா எரிமலை 57 கிலோமீட்டர் உயரம் வரை எகிறியது, ஆனால் கந்தகம் சுமார் 5 லட்சம் டன்தான். உயரத்தில் கிரகடோவாவைவிடக் குறைந்ததல்ல, கந்தகத்தில் பினாட்டுபோவின் பக்கத்தில்கூட வராது. வெடிப்பின் ஆரவாரத்தை வைத்து வானத்தின் நிறத்தைக் கணிக்க முடியாது, கந்தகக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பச்சைச் சூரியனுக்கு மட்டும் 1950 வரை நேரடிச் சான்று இல்லாமல் இருந்தது. சிவப்பு எவ்வளவு குறைந்தது, நீலம் எவ்வளவு தப்பியது என்று எண்ணாகக் காட்ட வேண்டும். அந்த வாய்ப்பு எரிமலையிலிருந்து வரவில்லை. 1950 செப்டம்பரில் கனடாவின் ஆல்பர்ட்டா பகுதிக் காடுகள் எரிந்தன, புகை அட்லாண்டிக்கைத் தாண்டியது. 26ஆம் தேதி ஸ்காட்லாந்தில் சூரியன் நீலமாக ஆனது. எடின்பரோ வானாய்வகத்தில் ராபர்ட் வில்சன் உடனே அதன் நிறமாலையைப் பதிவு செய்து, தெளிந்த வானத்துச் சூரியனோடு ஒப்பிட்டார். சிவப்பு அதிகமாகத் தடுக்கப்பட்டிருந்தது, நீலத்தை நோக்கிப் போகப் போகத் தடை குறைந்தது. ஏறத்தாழ 1 மைக்ரான் குறுக்களவுள்ள, ஒரே அளவுத் துளிகள் என்று கணக்கு சொன்னது. மதராஸில் மிச்சி ஸ்மித் கண்ணால் கண்ட சிவப்புக் குறைவுக்கு 67 ஆண்டு கழித்து எண்கள் கிடைத்தன.